பத்து நாள் தள்ளி வீசிய காற்று

கதை எழுதும் தகுதி எனக்கு இல்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஓர் அலுவலகத்தில் கடித வரைவுகள் தயாரித்தே காலத்தைக் கழித்தவள் நான். ‘பார்வையில் காணும் கடிதத்தின்படி’ என்று தொடங்கி ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்று முடிப்பதுதான் என் கைக்குத் தெரிந்த வித்தை. அந்த இரண்டுக்கும் நடுவில் யாரும் சிரித்ததாகவோ அழுததாகவோ இதுவரை நான் எழுதியதில்லை. ஆகவே, இதைப் படிக்க நேரும் பெரியோர்கள் பிழை கண்ட இடத்தில் பொறுத்தருள வேண்டுகிறேன். கப்பல் விஷயத்தில் பிழை இருந்தால் அது என் அறியாமை. குடும்ப விஷயத்தில் பிழை இருந்தால், சம்பந்தப்பட்ட இருவரும் என்னிடம் அதைப் பற்றிப் பேச மறுப்பதால் வந்த பிழை என்று கொள்ளவும்.

சம்பந்தப்பட்ட இருவர் என் கணவரும் என் அண்ணனும். இருவரும் நலமாக இருக்கிறார்கள். பேருந்தில் ஏறினால் ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டுக்கு ஒரு பத்திரிகை படித்து முடிக்கும் நேரம்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை பல ஆண்டுகள் கடலாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் வணிகத்துக்காகத் தங்களுக்குள் மூன்று முறை போர் தொடுத்து, இரு நாட்டுக்கும் இடைப்பட்ட கடலில் ஒருவர் கப்பலை ஒருவர் கொளுத்திக்கொண்டார்கள். அந்தப் போர்களை என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மறுபடி நடத்தினார்கள். கணவர் கல்லூரியில் வரலாறு கற்பித்தவர். அந்தப் போர்களுக்காகவே அகராதியை வைத்துக்கொண்டு தாமாக டச்சு மொழி கற்றார். குளியலறையில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவார். “மாப்பிள்ளைக்கு என்ன, தொண்டையில மீன்முள்ளா?” என்று அண்ணன் கூடத்திலிருந்து குரல் கொடுப்பார்.

அண்ணன் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் ஓடும் என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. தண்ணீரைக் கணக்கிடத் தெரிந்தவர் கடலையும் கணக்கிடலாம் என்று அவரை இழுத்து வந்தவர் என் கணவர்தான். “மச்சான், ஊருக்கெல்லாம் குழாயில தண்ணி விடறீங்க. எனக்கு ஒரு கடல் விடுங்க” என்று கேட்டார். அந்தக் காலத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டதெல்லாம் இப்படித்தான் கிடைத்தது.

கணினி வருவதற்கு முன் சட்டைப் பொத்தான்கள்தான் கப்பல்கள். வெள்ளைப் பொத்தான் ஆங்கிலேயர், கறுப்புப் பொத்தான் டச்சுக்காரர். மேசையின் ஒரு முனையில் மேசை விசிறி, அதுதான் காற்று. விசிறி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கப்பல்களுக்கே அதிகாரம். ஏனென்றால் காற்று வரும் பக்கம் இருப்பவர்கள் விரும்பினால் பாய்ந்து வந்து தாக்கலாம். விரும்பாவிட்டால் விலகி நிற்கலாம். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் வருவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இந்த அனுகூலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மேல்காத்து’. நம் மொழியில் மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வீசுவது என்று நான் இலக்கணம் சொல்லப் போய்க் கேலிக்கு ஆளானேன். நாளடைவில் அந்தச் சொல் எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. அண்ணன் செருப்பைக் கழற்றும்போதே என்னிடம் கேட்பார்: “பாப்பா, இன்னைக்கு வீட்டுல யாருக்கு மேல்காத்து?” ஐம்பதைக் கடந்த என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகில் இருந்த ஒரே மனிதர் அவர்.

ஒரு நாள் வியர்க்கிறதே என்று நான் விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டேன். அதன் வயர் இழுத்ததில் டச்சுக் கடற்படை முழுவதும் மேசையிலிருந்து தரைக்கு வந்தது. “ஒரு குடியரசையே கவுத்துட்டியே” என்று என் கணவர் தரையில் மண்டியிட்டுப் பொத்தான் பொறுக்கினார். “விடுங்க மாப்பிள்ளை, வரலாற்றுல நாடு கவுந்ததுக்குச் சொன்ன காரணங்களை விட இது ஒண்ணும் மோசமில்ல” என்றார் அண்ணன். அந்தப் பொத்தான்களுக்காகப் பழைய சட்டை, புதிய சட்டை என்று வித்தியாசம் பார்க்காமல் கத்திரி வைத்ததில், என் கணவர் சில நாள் சட்டைக் கைப்பட்டியில் ஊக்கு மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறார்.

பிறகு அண்ணன் ஒரு புரோகிராம் எழுதினார். அதைப் பற்றி விளக்க எனக்கு அறிவு போதாது. நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு கப்பலின் எடை, பாய், பீரங்கி, அன்றைய நீரோட்டம், அன்றைய காற்று எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தால், அது ஒவ்வொரு கப்பலையும் அடி அடியாக நகர்த்திப் பார்க்கும். ஒரு போரை ஓட்டி முடிக்க மாலையில் தொடங்கினால் விடிந்துவிடும். எங்கள் முன்னறையில் அந்தக் கணினி உறுமிக்கொண்டே இருக்கும். ‘கப்பல் ஓடுகிறது, கை வைக்காதே’ என்று அண்ணன் சுவிட்சுக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தார். அவசரம் என்று சொல்லி அதை விரைவுபடுத்த வழியே கிடையாது. என் கணவர் ஒருமுறை முடிவை உடனே பார்க்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தபோது, “அரிசி வேகறதுக்கு முன்னாடி சோறு கேட்டா எப்படி மாப்பிள்ளை?” என்று அண்ணன் போர்வையை இழுத்துக்கொண்டு எங்கள் கூடத்திலேயே படுத்துவிட்டார். படிப்பவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, ‘நம்ம ஆள்’ பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தப் போர்களில் ஒன்றில் ஒரு டச்சுக் கப்பல்தலைவர் தம் கப்பல்களுடன் சொந்தக் கரையோரமாக நின்றிருந்தார். சற்று மேற்கே, பீரங்கிச் சத்தம் கேட்கும் தொலைவில், அவருடைய தோழர்கள் ஆங்கிலேயரிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் போகவில்லை. பகல் முழுவதும் போகவில்லை. விசாரணையில் ஏன் வரவில்லை என்று கேட்டபோது ஒரே ஒரு வரி சொன்னார்: எனக்குக் காற்று இல்லை. நீதிபதிகள் நம்பவில்லை. பதவியைப் பறித்து, கோழை என்று பட்டம் கட்டி அனுப்பினார்கள். அதன் பிறகு அவரைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை.

என் கணவர் அவரை நம்பினார். “பொய் சொல்றவன் நீளமாச் சொல்லுவான். இந்த மனுஷன் மூணு வார்த்தைதான் சொல்லியிருக்கார்” என்பார். வேறு ஆதாரம் அவரிடம் அப்போது இல்லை. கல்லூரியில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஆய்வுக் கட்டுரைகளால் அலமாரியை நிரப்பிக்கொண்டிருக்க, இவர் பெயரில் ஒன்றுகூட இல்லை. ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கல்லூரியை விட்டு வெளியே வருவதற்குள் ஒரே ஒரு மனிதனின் பெயரையாவது துடைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த மனிதன் செத்து எத்தனையோ தலைமுறை ஆயிற்றே என்று நான் ஒருமுறை சொன்னேன். “அதனாலதான் அவசரம்” என்றார். எனக்கு அது விளங்கவில்லை.

ஆதாரம் பின்னர் வந்தது. அந்தக் கரையிலிருந்த ஒரு துறைமுகத்தில், வரும் கப்பல்களுக்கு வழி காட்டும் மாலுமி ஒருவர் நாள்தோறும் காற்றைக் குறித்து வைத்திருந்தார். அதன் நகல் என் கணவர் கைக்குக் கிடைத்தது. அந்தக் கிறுக்கல் எழுத்தைப் படித்து, தேதி வாரியாகப் பெயர்த்து எழுதி, அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் அதைக் கணினியில் ஏற்றினார். இரவெல்லாம் அது உறுமியது. விடிந்ததும் திரையில் பார்த்தோம். கரையோரத்தில் காற்றே இல்லை. நம்ம ஆளின் கப்பல்கள் பாய் தொங்க, நின்ற இடத்திலேயே நின்றன. மேற்கே தோழர்களின் கப்பல்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. இவரால் ஒரு முழம்கூட நகர முடியவில்லை.

என் கணவர் திரையைத் தொட்டு, “போதும் ஐயா, நீங்க வீட்டுக்குப் போகலாம்” என்றார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அதை நான் பார்த்தேன்; அதனால்தான் பின்னால் நடந்ததை நம்ப எனக்கு நாளாயிற்று.

கல்லூரியில் ஒரு கருத்தரங்கம் ஏற்பாடாயிற்று. டச்சு நாட்டின் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து கடற்போர் ஆய்வாளர் ஒருவர் வர இசைந்தார். என் கணவரின் கட்டுரைதான் முதன்மைக் கட்டுரை. அழைப்பிதழை அவரே எழுதினார். ‘ஆய்வும் உரையும்’ என்று போட்டுத் தம் பெயர். கீழே, இரண்டு அளவு சிறிய எழுத்தில், ‘தொழில்நுட்ப உதவி’ என்று போட்டு அண்ணன் பெயர்.

அச்சுக்குப் போகுமுன் எனக்குக் காட்டினார். ‘உதவி’ என்ற சொல்லோடு அலுவலகத்தில் வாழ்ந்தவள் நான். பதவிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மூன்று எழுத்தை உதிர்ப்பதற்காகவே ஒரு மனிதன் தலை நரைக்கும் வரை உழைப்பதைப் பார்த்திருக்கிறேன். இருவர் பெயரையும் ஒன்றாகப் போடலாமே என்று மெல்லச் சொன்னேன். “மச்சானுக்கு எதுக்கு இந்தச் சடங்கெல்லாம்? அவர் நம்ம வீட்டு ஆளு” என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டு ஆள் என்று நாம் சொல்லும்போது, அவருக்குத் தனியாக நாற்காலி போட வேண்டியதில்லை என்றும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அழைப்பிதழ் கட்டு வீட்டுக்கு வந்த அன்று காலையில் அண்ணன் எனக்குத் தொலைபேசியில் பேசியிருந்தார். மாப்பிள்ளையிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நேரில்தான் சொல்ல முடியும், மாலையில் வருகிறேன் என்றார். குரலில் ஒரு பதற்றம் இருந்தது. உடம்புக்கு ஏதாவது என்று நான் பயந்தேன்.

மாலையில் தம் மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தார். யாருக்கு மேல்காத்து என்று கேட்கவில்லை. மேசையில் அழைப்பிதழ்கள் இருந்தன. நின்றபடியே ஒன்றை எடுத்துப் படித்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணருகே கொண்டுபோய் மறுபடி படித்தார்.

“உதவின்னா பொடி எழுத்துலதான் போடணும்னு சட்டமா மாப்பிள்ளை?”

“பெரிய எழுத்துல போட்டா உதவின்னு எவனும் நம்ப மாட்டான் மச்சான்” என்றார் என் கணவர்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் அழைப்பிதழை எடுத்த இடத்திலேயே, கட்டின் ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தார். நான் கொண்டுவந்த காபியை வாங்கினார், குடிக்கவில்லை, டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே மழை வருமா வராதா என்று என் கணவரோடு சற்று நேரம் பேசினார். பையைத் திறக்கவில்லை. வாசல்வரை போய், ஏதோ விஷயம் சொல்ல வேண்டும் என்றாயே அண்ணா என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல பாப்பா. அப்புறம் சொல்றேன்.”

காபியில் ஆடை படிந்திருந்தது. கழுவும் தொட்டியில் ஊற்றினேன்.

அடுத்து நடந்ததைச் சொல்லுமுன் ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். என் கணவர் சொல்லிக்கொடுத்தபடியே சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியையும் டச்சுக்காரர் புதிய நாட்காட்டியையும் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். ஒரே போருக்கு ஆங்கிலக் குறிப்பில் மூன்றாம் தேதி என்றால் டச்சுக் குறிப்பில் பதின்மூன்றாம் தேதி. ஆகவே டச்சுத் தேதியிலிருந்து பத்தைக் கழித்தால்தான் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். இந்தத் துறையில் கால் வைப்பவருக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. “ஆங்கிலேயன் பத்து நாள் பின்னாடியே ஓடி வருவான்” என்று எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கைப் பேச்சு. தெரியாமல் தவறு செய்ய வாய்ப்பே இல்லாத இடம்.

கருத்தரங்கக் கூடத்தில் நான் மூன்றாம் வரிசையில், அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் எல்லாப் பொத்தானும் உள்ள சட்டை அணிந்திருந்தார். மேடையின் நடுவில் நீள மேசை, மலர்க்குவளை, தண்ணீர்ப் பாட்டில்கள். மேடையின் ஓரத்தில், திரைச்சீலை விழும் இடத்தில், ஒரு சின்ன மேசை. அதில் அண்ணனும் கணினியும். அந்த ஏற்பாடு கல்லூரிக்காரர்கள் செய்தது. ஆனால் அழைப்பிதழைப் பார்த்தவர்கள் அப்படித்தானே செய்வார்கள்?

என் கணவர் நன்றாகப் பேசினார். நம்ம ஆளை அறிமுகப்படுத்தினார், விசாரணையைச் சொன்னார், அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினார். பிறகு அண்ணன் பக்கம் தலையசைக்க, திரையில் கடல் வந்தது. காற்றற்ற கரையோரத்தில் அந்தக் கப்பல்கள் நிற்பதைக் கூடம் முழுவதும் பார்த்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

டச்சு நாட்டிலிருந்து வந்த ஆய்வாளர், குட்டையாக முடி வெட்டிய வயதான அம்மையார், எழுந்து நின்று மிகுந்த மரியாதையுடன் ஆங்கிலத்தில் கேட்டார். அந்த மாலுமியின் குறிப்பைத் தாமும் முன்பு பார்த்ததுண்டு. அதில் காற்று அற்றுப்போன நாள் போர் நடந்த நாளுக்குப் பிந்தியது என்று ஒரு நினைவு. தம் நினைவு தவறாக இருக்கலாம். தேதிகளை யார், எந்தக் கட்டத்தில் மாற்றினீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?

என் கணவர் புன்னகைத்தார். பெயர்த்து எழுதும்போதே ஒவ்வொரு வரியிலும் பத்து நாளைக் கழித்துத் தாமே எழுதிவிட்டதாகச் சொன்னார். மைத்துனருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று முதலிலேயே செய்துவிட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஓரத்து மேசையில் அண்ணன் ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்தார். டச்சு மூலத்திலிருந்து எது வந்தாலும் தம் புரோகிராம் பத்து நாளைத் தானாகவே கழித்துக்கொள்ளும் என்றார். மாப்பிள்ளைக்குக் கணக்கு தகராறு என்பதால் தொடக்கத்திலேயே அப்படி எழுதிவைத்ததாகவும் சொன்னார்.

கூடத்தில் சிலருக்கு உடனே விளங்கிற்று. எனக்குச் சற்றுப் பொறுத்துத்தான் விளங்கியது. இவர் ஒருமுறை கழித்தார். அவர் ஒருமுறை கழித்தார். ஒருவருக்கு ஒருவர் பாரம் கொடுக்கக் கூடாது என்று, ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல், இருவரும் அதே நல்ல காரியத்தைச் செய்திருக்கிறார்கள். திரையில் நாங்கள் பார்த்தது போர் நாளின் காற்று அல்ல. போர் முடிந்து, செத்தவர்களை அடக்கம் செய்து, பத்து நாள் ஆன பிறகு அந்தக் கரையில் நிலவிய அமைதி. அந்தக் காற்றில்லாத நாளை எடுத்துவந்து நம்ம ஆளுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்திருந்தோம்.

அம்மையார், திருத்திய தேதியோடு ஓட்டினால் என்ன ஆகும் என்பதை எப்போதாவது அறிய ஆவல் என்றார்.

அண்ணன் ஒரு பொத்தானை அழுத்தினார்.

திரையில் கடல் மறுபடி வந்தது. கிழக்கிலிருந்து நல்ல காற்று. நம்ம ஆளின் பாய்கள் நிறைந்தன. தடுப்பதற்கு எதுவும் இல்லாத கடலில் அந்தக் கப்பல்கள் மேற்கே போய், உச்சிவேளைக்கு முன்பே தோழர்களோடு சேர்ந்துகொண்டன. சேர்ந்திருக்கக்கூடும் என்று கணினி சொன்ன பாதை பச்சைக் கோடு. அவர் உண்மையில் நின்ற இடம் சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளி கரையோரத்தில் அசையாமல் இருந்தது.

கூடம் பச்சைக் கோட்டைப் பார்த்தது. என் கணவர் அண்ணனைப் பார்த்தார். மாலையில் தொடங்கினால் விடியும்வரை ஓடும் கணக்கு அது. விரைவுபடுத்த வழியே இல்லாத கணக்கு. ஒரு பொத்தானில் வந்துவிட்டது.

“எப்ப ஓட்டினீங்க மச்சான்?” என்று கேட்டார். ஒலிவாங்கி திறந்திருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டது.

“தேதியெல்லாம் ஆராய்ச்சியாளர் பொறுப்பு, மாப்பிள்ளை. நான் வெறும் உதவி.”

மொழி புரியாத அந்த அம்மையார், ஒரு குடும்பமே சேர்ந்து ஆய்வில் ஈடுபடுவது போற்றத்தக்கது என்று சொல்லி முதலில் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அண்ணி என் கையை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது.

என் கணவர் அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக மறுநாளே கல்லூரிக்கு எழுதினார். அந்த வரைவை நான்தான் தயாரித்தேன். ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்ற தொடரை நான் எத்தனையோ கடிதங்களில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் அது பொய்யான தொடர் என்று பட்டது.

சில நாள் கழித்து ஒரு பிற்பகலில், யாரிடமும் சொல்லாமல், அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் பனியனோடு உட்கார்ந்து ஒரு குழாய் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சண்டை போடப் போகவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கப் போனேன்.

“அன்னைக்கு வீட்டுக்கு வந்தியே அண்ணா, இதைச் சொல்லத்தானே வந்தே?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

வரைபடத்தைச் சுருட்டினார். அது மறுபடி விரிந்துகொண்டது.

“முந்தின நாள்தான் கண்டுபிடிச்சேன் பாப்பா. சரியான தேதியைப் போட்டு வீட்டுலயே ஓட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை எப்படித் தாங்குவாரோன்னு ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டிருந்தேன். பையில எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுதான் வந்தேன். மேசையில அந்த அழைப்பிதழைப் பார்த்தேன். எத்தனை வருஷம், பாப்பா? எத்தனை ஞாயித்துக்கிழமை? சரி, உதவிதானே, உதவிக்கு என்ன தெரியப்போகுதுன்னு தோணுச்சு. மறுநாள் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். மறுநாள், அதுக்கு மறுநாள்னு தள்ளிக்கிட்டே போச்சு.”

“அந்த அம்மா கேக்கலைன்னா?”

“கேக்கலைன்னா சொல்லியிருக்க மாட்டேன்” என்றார். பிறகு, “தெரியல” என்றார்.

இரண்டில் எது உண்மை என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்று கெஞ்சினேன். அவர் முதலில் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார். எந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். என் கணவர் அதைச் சொல்ல மாட்டார் என்றும் தெரியும். பெயரைப் பொடி எழுத்தில் போட்டது ஒரு குற்றம் என்றே இன்றுவரை அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பி நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். ஒளிக்க எனக்குத் தெரியவில்லை. அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய பொத்தான் டப்பாவைத் திறந்து, கறுப்பையும் வெள்ளையையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். கடைசியில் ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்து மேசையின் ஓரத்தில், மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்தார்.

“மச்சானுக்குக் காத்து இருந்துச்சு” என்றார். “வரல. அவ்வளவுதான்.”

டப்பாவை மூடினார்.

“நம்ம ஆளும் இப்படித்தான் நின்னிருப்பார். பயமெல்லாம் இருந்திருக்காது. யாரோ எங்கேயோ அவர் பெயரைப் பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. அதை எந்தக் குறிப்புலயும் எழுதி வைக்க மாட்டாங்க. நான் எங்க போய்த் தேடறது?”

அவர் அந்தப் போரைப் பற்றிப் பேசியது அதுதான் கடைசி. அண்ணனைப் பற்றிப் பேசியதும் அதுதான்.

அந்த அம்மையாரின் அருங்காட்சியகம் அண்ணனின் புரோகிராமை வாங்கிக்கொண்டது. அங்கே ஒரு பெரிய திரையில், குழந்தைகள் விரலால் காற்றைத் திருப்பிக் கப்பல்களை ஓட்டுகிறார்களாம். அண்ணனும் அண்ணியும் போய்ப் பார்த்து வந்தார்கள். அண்ணி எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பினாள். கூடவே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. திரைக்குப் பக்கத்தில் ஒரு பலகை. மேலே அண்ணன் பெயர். கீழே, இரண்டு அளவு சிறிய எழுத்தில், ‘வரலாற்று உதவி’ என்று போட்டு என் கணவர் பெயர். நன்றி மறக்காமல் போட்டதா, கணக்குத் தீர்க்கப் போட்டதா என்று நான் நெடுநேரம் பார்த்தேன். அச்செழுத்தில் அது தெரியாது. என் கணவரிடம் காட்டவில்லை.

ஒவ்வொரு போர் முடிந்ததும் இரு தரப்பும் இழப்பு விவரம் எழுதுமாம். ஒரு தரப்பு எழுதியது மற்றதோடு ஒத்துப்போகவே போகாதாம். நான் இரு தரப்பையும் சேர்ந்தவள் என்பதால் என் கணக்கு சரியாக இருக்க வாய்ப்புண்டு. கீழே பணிவுடன் தருகிறேன்.

ஆய்வுக் கட்டுரை, ஒன்று. அச்சேறவில்லை.

டச்சுக் கப்பல்தலைவர் ஒருவரின் நற்பெயர். ஒரு காலை முதல் ஒரு கருத்தரங்கம் வரை இருந்தது, மறுபடி போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகள், மீதமிருந்த அனைத்தும்.

மச்சான், ஒருவர். மாப்பிள்ளை, ஒருவர்.

கறுப்புப் பொத்தான், ஒன்று. மேசை ஓரத்திலிருந்து விழுந்தது. பெருக்கும்போது தேடினேன், கிடைக்கவில்லை.

பாப்பா என்ற பெயர். அதைச் சொல்ல இப்போது யாரும் வருவதில்லை.